மலைக்குளிரில் காரிலும் கூடாரத்திலும் படுக்க எதை விரிப்பது, எதைப் போர்த்துவது?

உறையூர்க்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஜனவரியில் கணவர், எட்டு வயது மகன், அறுபத்தேழு வயதாகும் என் அப்பா ஆகியோருடன் எங்கள் ஏழு இருக்கைக் காரில் கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூர்ப் பக்கம் போயிருந்தேன். அங்கே ஒரு தனியார் தோட்டத்தில் கூடாரம் அடித்துத் தங்க இடம் தருகிறார்கள். அப்பாவும் கணவரும் காரின் பின் இருக்கைகளை மடக்கிவிட்டு அதில் படுத்துக்கொண்டார்கள். நானும் மகனும் கூடாரத்தில் படுத்தோம். தரைக்குளிர் ஏறிவிடக் கூடாது என்பதற்காகவே ஆறு அங்குல உயரமுள்ள ஏர் பெட் ஒன்றை வாங்கிப் போயிருந்தேன். மேலே போர்த்த ஆளுக்கு இரண்டு கம்பளி வைத்திருந்தோம்.

இரவு ஒரு மணிக்கு மேல் முதுகு சில்லிடத் தொடங்கியது. இன்னொரு கம்பளியை எடுத்துப் போர்த்தியும் பயனில்லை. சிமெண்டுத் தரையில் வெறும் உடம்போடு படுத்ததைப் போல முதுகுப் பக்கம் மட்டும் குளிர்ந்துகொண்டே இருந்தது. மகன் உறக்கத்திலேயே முனகினான். அவன் கால்விரல்களைத் தொட்டுப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவனைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனால், அங்கே கண்ணாடிகளின் உள்பக்கமெல்லாம் நீர் வழிந்து, அப்பாவின் போர்வை ஓரத்தைப் பிழிந்தால் சொட்டும் என்னும் அளவுக்கு நனைந்திருந்தது. விடியற்காலையில் காரின் திரை 7 டிகிரி காட்டியது.

வருகிற ஜனவரியிலும் போக வேண்டும் என்று மகன் பிடிவாதமாக இருக்கிறான், அப்பாவுக்கும் ஆசைதான். நால்வருக்கும் ஸ்லீப்பிங் பேக் வாங்கிவிடலாமா, அல்லது ரஜாய் போன்ற கனமான போர்வைகளே போதுமா? கடைகளில் "0 டிகிரி" என்று போட்டு விற்கும் பைகளை நம்பலாமா? அப்பாவுக்கு மூட்டுவலி இருப்பதால் தரையிலிருந்து எழுவது கடினம். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மலைவழி எழுதியது:

சகோதரி, உங்கள் கம்பளிகள் மீது எந்தக் குறையும் இல்லை. குறை முழுவதும் அந்த ஏர் பெட்டில்தான் இருக்கிறது. இதே தவற்றை நானும் முதல் முறை இமாச்சலத்தில் செய்தேன் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

காற்று அசையாமல் சிறு சிறு அறைகளில் அடைபட்டு நின்றால்தான் குளிரைத் தடுக்கும். கம்பளி, பஞ்சு, ஃபோம் எல்லாமே அந்த வேலையைத்தான் செய்கின்றன. ஏர் பெட்டின் உள்ளே இருப்பதோ ஒரே பெரிய காற்றறை. நீங்கள் புரளும்போதெல்லாம் உடம்பு சூடாக்கிய மேற்காற்றும் தரை குளிர்வித்த கீழ்க்காற்றும் கலந்துவிடுகின்றன. போதாக்குறைக்கு அதன் நான்கு பக்கச் சுவர்களும் கூடாரத்தின் குளிர்ந்த காற்றில் நின்றுகொண்டிருக்கின்றன. ஆகவே உயரம் கூடினால் மெத்தென்று இருக்குமே தவிர, சூடு தங்காது.

படுக்கை விரிப்பு எவ்வளவு குளிரைத் தடுக்கிறது என்பதை "ஆர் மதிப்பு" என்னும் எண்ணால் குறிப்பிடுகிறார்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் அளந்துகொண்டிருந்ததை மாற்றி, 2018-இல் ஏ.எஸ்.டி.எம். என்ற தர நிர்ணய அமைப்பு எல்லோருக்கும் பொதுவான ஒரு சோதனை முறையை வகுத்தது. சாதாரண ஏர் பெட்டுக்கு இந்த மதிப்பு 1-ஐத் தொட்டாலே பெரிது. இரண்டு சென்டிமீட்டர் பருமனுள்ள நல்ல ஃபோம் பாய், அதாவது தண்ணீரை உறிஞ்சாத, அழுத்தினால் கெட்டியாக நிற்கும் வகை, 2 வரை தரும். ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தால் மதிப்புகள் கூடிக்கொண்டே போகும் என்பது இதில் பெரிய வசதி. ஜனவரி மாதக் கொடைக்கானலுக்கு 4-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதியாக உறங்கலாம். எனவே இரண்டு ஃபோம் பாய்களை அடுக்கி, உங்களிடம் இருக்கும் கம்பளிகளில் ஒன்றை அவற்றின் மேல் விரித்துவிட்டாலே சென்ற ஆண்டின் துன்பம் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஏர் பெட்டின் மெத்தென்ற சுகம் வேண்டுமென்றால் அதைக் கீழே போட்டு, ஃபோம் பாயை அதன் மேலே, உடம்பை ஒட்டி விரியுங்கள்.

ஸ்லீப்பிங் பேக்குகளில் எழுதியிருக்கும் டிகிரியைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 23537 என்ற தரத்தின்படி சோதித்த பைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட எண்கள் இருக்கும். முதலாவது, ஒரு பெண் கைகால்களைத் தளர்த்திப் படுத்துச் சுகமாக உறங்கக்கூடிய வெப்பநிலை. இரண்டாவது, ஓர் ஆண் உடம்பைச் சுருட்டிக்கொண்டு சமாளிக்கக்கூடிய எல்லை. இவற்றுக்கும் கீழே ஓர் எண் தரப்பட்டிருந்தால், அது உயிர் தப்புவதற்கான கணக்கு, உறக்கத்துக்கானது அல்ல. தரத்தின் பெயரே இல்லாமல் "0 டிகிரி" என்று மட்டும் எழுதியிருந்தால், அதைச் சுகமான எண்ணாக ஒருபோதும் எடுத்துக்கொள்ளாதீர்கள். சுகமான எண் 3 அல்லது 4 டிகிரியாக உள்ள பையே உங்களுக்குப் பொருந்தும். வாத்துத் தூவி அடைத்த பை எடை குறைவு, விலை அதிகம். ஆனால் ஈரம் பட்டால் உப்பல் அடங்கிச் சூடு போய்விடும். பனிமூட்டமும் பனித்துளியும் நிறைந்த நம் மலைகளுக்குச் செயற்கை நார் அடைத்த பையே ஏற்றது. காரில் போகிறவர்கள் எடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதும் இல்லை.

கூடாரம் அடிக்கும் இடத்தையும் மாற்றிப் பாருங்கள். இரவில் குளிர்காற்று தண்ணீரைப் போலப் பள்ளத்தை நோக்கி வடிந்து தேங்கும். கொடைக்கானலில் உறைபனி முதலில் ஏரிக்கரையிலும் புல்வெளித் தாழ்வுகளிலும் படிவது இதனால்தான். சரிவில் பத்து அடி மேலே ஏறி, திறந்த வானத்தின் கீழ் இல்லாமல் மரநிழலை ஒட்டி, காய்ந்த கிளை எதுவும் தலைக்கு மேல் இல்லாத இடமாகப் பார்த்து அடித்தால் வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.


பின்சீட்டு எழுதியது:

மேலே எழுதிய அன்பர் கூடாரத்தைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். காருக்குள் உறங்குவதைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். ஆறு ஆண்டுகளாக நானும் மனைவியும் நீலகிரிப் பயணங்களில் காரில்தான் படுக்கிறோம்.

நீங்கள் பார்த்த நீர் வெளியிலிருந்து வந்ததில்லை. இரண்டு பேர் இரவெல்லாம் விடும் மூச்சில் இருக்கும் நீராவி, குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராக மாறி வழிந்திருக்கிறது. குளிர் உள்ளே வந்துவிடும் என்று எல்லாக் கண்ணாடிகளையும் இறுக மூடிவிட்டிருப்பீர்கள். இனி எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு கண்ணாடிகளை ஒரு விரல் அகலத்துக்கு இறக்கி விடுங்கள். பூச்சி வராமல் இருக்கக் கொசுவலைத் துணியைக் கதவின் மேல் மாட்டிக்கொள்ளலாம். அந்த இடைவெளியால் உள்ளே குளிர் சற்றுக் கூடும். ஆனால் காய்ந்த போர்வைக்குள் இருக்கும் 8 டிகிரி, நனைந்த போர்வைக்குள் இருக்கும் 11 டிகிரியைவிட எவ்வளவோ மேல். பார்சல்களில் சுற்றும் குமிழித் தாளின் மேல் அலுமினியப் பூச்சு உள்ள வகை கடைகளில் கிடைக்கிறது. அதை ஒவ்வொரு கண்ணாடியின் அளவுக்கும் வெட்டி உள்பக்கம் செருகிவிட்டால் குளிரும் குறையும், வெளிச்சமும் மறையும்.

இருக்கையை மடக்கினால் தளம் ஒரே மட்டமாக இராது. எங்கள் வண்டியில் இரண்டாம் வரிசைக்கும் மூன்றாம் வரிசைக்கும் இடையே மூன்று விரல் பள்ளம் இருந்தது. முதல் பயணத்தில் அது சரியாக என் இடுப்புக்கு வந்து, மறுநாள் குனிய முடியவில்லை. ஒரு பிளைவுட் பலகையை இரண்டாக வெட்டி, கீல் வைத்து மடங்கும்படி செய்து போட்ட பிறகுதான் நிம்மதி வந்தது. சக்கரத்துக்கு மேலுள்ள இரும்புப் பகுதி நேரடியாகக் குளிரைக் கடத்தும் என்பதால், தளத்தில் மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் ஒரு சாண் உயரத்துக்கு ஃபோம் பாயை ஏற்றிவிட வேண்டும்.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். குளிருகிறது என்று எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டுக்கொண்டு உறங்காதீர்கள். கரி அடுப்பையோ, தணலாகிவிட்ட கணப்புச் சட்டியையோ காருக்குள்ளும் கூடாரத்துக்குள்ளும் கொண்டுபோகாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. உறங்குகிறவருக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. சன்னலைத் திறந்து வைத்திருக்கிறோமே என்ற சமாதானமும் இதில் செல்லாது.


போடி இலவம் எழுதியது:

வணக்கம் அக்கா. நான் போடிநாயக்கனூரைச் சேர்ந்தவன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இலவம்பஞ்சு மெத்தை தைக்கிறோம். இத்தனை பேர் ஃபோமைப் பற்றி எழுதியும் ஒருவரும் இலவம்பஞ்சைச் சொல்லவில்லையே என்ற ஆதங்கத்தில் எழுதுகிறேன்.

இலவம்பஞ்சின் ஒவ்வொரு இழையும் உள்ளே வெறும் குழாய். அதனுள் காற்றுதான் இருக்கிறது. இழையின் மேல் மெழுகு போன்ற பூச்சு இருப்பதால் தண்ணீர் எளிதில் ஒட்டாது. செயற்கை ஃபோம் வருவதற்கு முன்பு கப்பல்களின் உயிர்காப்பு மேலங்கிகளில் இந்தப் பஞ்சைத்தான் அடைத்தார்கள். காய்ந்த நெற்று வெடித்துப் பஞ்சு வெளிவரும்போது ஒரு கைப்பிடி எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள்; அரை நிமிடத்தில் அந்த இடம் வெதுவெதுப்பாகிவிடும்.

அப்பா காரில் படுக்கப்போவதால் அவருக்கு இலவம்பஞ்சுதான் சரி. வீட்டு மெத்தையைப் போல நான்கு அங்குலம் வேண்டாம். இரண்டடி அகலம், ஆறடி நீளம், இரண்டரை அங்குலப் பருமன் போதும். ஒரு சாணுக்கு ஒரு முடிச்சு போடச் சொல்லுங்கள். முடிச்சு நெருக்கமாக இருந்தால்தான் பஞ்சு இடுப்புப் பக்கத்திலிருந்து ஓரங்களுக்கு ஒதுங்காது. மூன்று மடிப்பாக மடங்கும்படி தைத்தால் பகலில் அதையே இருக்கையாகவும் பயன்படுத்தலாம். விலை குறைவாகச் சொன்னால் மில் கழிவுப் பஞ்சைக் கலந்திருப்பார்கள். ஒரு துணுக்கைத் தண்ணீரில் போடுங்கள்: இலவம் மிதந்துகொண்டே இருக்கும், கழிவுப் பஞ்சு ஊறிக் கீழே போய்விடும்.

எங்கள் தொழில் என்பதற்காகக் குறையை மறைக்க மாட்டேன். கூடாரத்துக்கு இது வேண்டாம். மெழுகுப் பூச்சு இருந்தாலும், மேல் துணி வழியாக ஈரம் இறங்கிப் பஞ்சுக்குள் தங்கிவிட்டால் மலையின் மங்கிய வெயிலில் அது காயவே காயாது. நான்காம் நாள் மக்கு நாற்றம் வரும். ஆண்டுகள் செல்லச் செல்ல இழை உடைந்து தூசியாகும் என்பதால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் நான் பரிந்துரைப்பதில்லை.


உறையூர்க்காரி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பாவுக்கு ஆஸ்துமா இல்லை. சர்க்கரை நோய் மட்டும் பத்தாண்டுகளாக இருக்கிறது. அவருக்கு எப்போதும் கால்தான் முதலில் குளிரும். வெந்நீர்ப் பையைப் போர்வைக்குள் வைத்துவிடலாமா? மகனுக்குத் தனியே சிறுவர் ஸ்லீப்பிங் பேக் வாங்குவதா, பெரியவர்களுடையதே போதுமா என்பதும் தெரியவில்லை.


வார்டு விளக்கு எழுதியது:

நான் செவிலியராகப் பணிபுரிகிறேன். உங்கள் கேள்வியின் முதல் பகுதியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நீண்டகாலச் சர்க்கரை நோயில் பாதங்களின் உணர்ச்சி குறைந்திருக்க வாய்ப்புண்டு. மற்றவர்கள் சுடுகிறதே என்று காலை இழுத்துக்கொள்ளும் வெப்பம் அவர்களுக்கு உறைக்காது. காலையில் எழும்போது கொப்புளம் இருக்கும். அந்தப் புண் ஆறுவதற்குள் படாத பாடு படவேண்டும். ஆகவே அப்பா படுப்பதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பு வெந்நீர்ப் பையைப் படுக்கைக்குள் வைத்து விரிப்பைச் சூடாக்குங்கள். அவர் படுக்கும்போது அதை வெளியே எடுத்துவிடுங்கள். பகலில் நடந்த சாக்ஸ் வியர்வையில் ஈரமாக இருக்கும் என்பதால் அதைக் கழற்றிவிட்டு, இறுக்கமில்லாத காய்ந்த கம்பளிச் சாக்ஸ் போட்டுவிடுங்கள். காதை மூடும் குல்லா கட்டாயம் வேண்டும். முதியவர்களுக்கு நடுக்கம் தாமதமாகத்தான் வரும். "எனக்குக் குளிரவில்லை" என்று அவர் சொல்வதை மட்டும் நம்பாமல், இரவில் ஒருமுறை அவருடைய கழுத்துக்குக் கீழே, மார்பில் கைவைத்துப் பாருங்கள்.

சிறுநீர் வருகிறதே என்று குளிருக்குப் பயந்து அடக்கிக்கொண்டு படுப்பவர்கள் பலர். அப்படிப் படுத்தால் உறக்கமும் வராது. கார்க் கதவுக்குப் பக்கத்தில் செருப்பையும் டார்ச்சையும் வைத்துவிட்டால் அவருக்குத் தயக்கம் இருக்காது.


மலைவழி எழுதியது:

மகனைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். எட்டு வயதுப் பிள்ளை நான்கு ஆண்டுகளில் வளர்ந்துவிடுவான். பெரியவர்களுக்கான பையையே வாங்குங்கள். ஆனால் காலுக்குக் கீழே காலியாக இருக்கும் இடத்தை அவன் உடம்பே சூடாக்க வேண்டியிருக்கும் என்பதால், அந்தப் பகுதியை அடிப்பக்கம் மடித்துக் கயிற்றால் கட்டிவிடுங்கள். ஜிப்பின் ஓரமாக உள்பக்கம் பஞ்சு வைத்த பட்டை ஓடுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். அது இல்லையென்றால் ஜிப் வழியாகக் குளிர் கோடு போட்டாற்போல் இறங்கும். மூச்சுக்காற்றால் பை நனையும் என்பதால் அவன் முகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.


உறையூர்க்காரி எழுதியது:

நேற்று கடைக்குப் போய் நான்கு ஃபோம் பாய்களும், சுகமான எண் 4 டிகிரி என்று தெளிவாக அச்சிட்ட இரண்டு பைகளும் வாங்கிவிட்டோம். ஏற்கெனவே இருக்கும் கம்பளிகள் காருக்குப் போதும் என்று கணவர் சொல்கிறார். காரின் உள்ளளவை அப்பாவே டேப் பிடித்து அளந்தார். சக்கர மேடுகளுக்கு இடையே சரியாக நாற்பது அங்குலம் இருக்கிறது. இரண்டடி மெத்தை ஒன்றைப் போட்டால் பக்கத்தில் கணவருக்குப் பதினாறு அங்குலம்தான் மிஞ்சும்.


போடி இலவம் எழுதியது:

அப்படியானால் தனி மெத்தை வேண்டாம், அக்கா. நாற்பது அங்குலத்துக்கு ஒரே மெத்தையாகத் தைத்து, நடுவில் மட்டும் நெடுக இரட்டை முடிச்சு வரிசை போடச் சொல்லுங்கள். ஒருவர் புரண்டால் மற்றவர் பக்கத்துப் பஞ்சு நகராது. மெத்தை உறையின் ஜிப்பை நீளவாட்டில் வைக்காமல் கால்மாட்டில் வைக்கச் சொல்லுங்கள். புறப்படுவதற்கு முன்பு இரண்டு நாள் மொட்டை மாடியில் வெயிலில் போட்டு, மாலை நான்கு மணிக்குள், பனி இறங்குவதற்கு முன்பே எடுத்து மடித்துக் காரில் ஏற்றிவிடுங்கள்.