கடை வரிசையில முன்னாடி நின்னவங்ககிட்ட வந்த ஆம்பர் வாசம், இந்த மாதிரி உங்களுக்கும் நடந்திருக்கா?

ஹைவெல்ட்_வாசி:
போன மே மாசம் நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகல, அதான் எழுதுறேன். தென்னாப்பிரிக்காவுல, ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) ஃபோர்ட்ஸ்பர்க்ல ஒரு மசாலாக் கடை, சனிக்கிழமை சாயங்காலம், பில் போட நிக்கிறேன். இங்க இலையுதிர் காலம் எப்படின்னு தெரியும்ல, பகல்ல வெயில் சுள்ளுன்னு இருக்கும், அஞ்சரை ஆச்சுன்னா பொசுக்குனு குளிர் இறங்கிடும், காத்துல ஈரமே இருக்காது. எனக்கு முன்னாடி ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும், மெரூன் கலர் கம்பளிச் சால்வை. பர்ஸ் எடுக்க சால்வையை லேசா விலக்குனாங்க. அவ்வளவுதான். முதல்ல லவங்கம், பட்டை மாதிரி ஒரு காரம், பின்னாடியே பாகு காய்ச்சுற மாதிரி இனிப்பு, அதுக்கும் அடியில, எங்க அம்மாச்சி என் அக்காவுக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டி, கூடையைக் கவுத்து அது மேல முடியைப் பரப்பிச் சாம்பிராணி போடுவாங்களே, அந்த வாசம். அம்மாச்சி போய் ஆறு வருஷமாச்சு. உசிலம்பட்டில விட்டுட்டு வந்த வாசம் இங்க ஒரு கடை வரிசையில வந்து நிக்குது.

என்ன சென்ட்டுன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு, முன்னப்பின்ன தெரியாத பொம்பளைகிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தயங்கிட்டேன். அவங்க வெளிய போனதும்தான் வெந்தயப் பாக்கெட்டைக் கவுண்ட்டர்ல போட்டுட்டு ஓடுனேன், கார் கிளம்பிடுச்சு. இப்படி இனிப்பும் கதகதப்புமா இருக்கிற சென்ட் வகைக்கு ஆம்பர்னு பேராம், அதுக்கப்புறம் நாலு கடையில ஆம்பர்னு போட்டிருந்த எல்லாத்தையும் மோந்து பாத்துட்டேன், எதுவும் அது இல்ல. ஏன் கேக்காம விட்டேன்னு இன்னும் அடிச்சுக்குது.

இசிப்பிங்கோ_பேத்தி:
தம்பி, உங்க மூக்கு சரியாத்தான் சொல்லியிருக்கு. ஆம்பர்ல சாம்பிராணி நெஜமாவே இருக்கு, அதுலயே கொஞ்சம் வெனிலின், அதான் வெனிலாவுக்கு வாசம் தர்ற பொருள், உண்டு, அந்த இனிப்புல பாதி அதுதான். நான் டர்பன் பக்கம், நாலாவது தலைமுறை, என் தமிழ் ஆயாகிட்ட கத்துக்கிட்டது.

என்னோடது ஒரு குட் ஃப்ரைடே அன்னிக்கு. இங்க இசிப்பிங்கோ ரயில்ங்கிற இடத்துல இருக்கிற மாரியம்மன் கோயில்ல அன்னிக்குக் கூடுற கூட்டம் உங்களுக்குத் தெரியும். விடியறதுக்கு முன்னாடியே போய் நின்னோம், வெறுங்காலு, கீழ தரை ஜில்லுன்னு. முந்தின நாள் வேலைக்குப் போறப்ப அடிச்ச ஆம்பர் என் ஜெர்சி (ஸ்வெட்டர்) கையில அப்படியே ஒட்டிட்டு இருந்துச்சு. கூட்டம் தள்ளுனப்ப பக்கத்துல ஒரு வயசான ஆயா விழாம இருக்க என் கையைப் பிடிச்சாங்க. கூட்டம் அடங்குன பின்னாடியும் விடல. ஜெர்சிக் கையை மெதுவா மூக்குகிட்ட கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கிட்டாங்க. சுத்தி அவ்வளவு கற்பூரம், வேப்பிலை, மஞ்சத்தண்ணி, அதுக்கு நடுவுல என் சட்டைக் கையை மோந்துட்டு, எங்கம்மா கிஸ்ட்டைத் திறந்தா இப்படித்தான் இருக்கும்னாங்க. கிஸ்ட்னா துணிமணி வைக்கிற பெட்டி. வரிசை நகந்துச்சு, அவங்க எங்கேயோ போயிட்டாங்க. அந்த ஜெர்சியைக் கழட்டிக் கொடுத்திருக்கலாம். எனக்கு இன்னொண்ணு வாங்கிக்கலாம்.

அத்தர்_பிரியன்:
அக்கா சொல்றதை அப்படியே ஒத்துக்க முடியாது. சாம்பிராணி, வெனிலா ரெண்டு மட்டும் இருந்தா அது பாயசம். ஆம்பருக்கு முதுகெலும்பு லேப்டனம், மத்தியதரைக்கடல் பக்கம் வளர்ற ஒரு செடியோட பிசின், தோல் மாதிரி, புகை மாதிரி ஒரு வாசம். மாலையில கோக்குற ஆம்பர் கல்லு வேற, திமிங்கலத்துல கிடைக்கிற ஆம்பர்கிரிஸ் வேற. ஹைவெல்ட் தம்பி பாட்டில்ல இருக்கிற பேரைப் பாத்துத் தேடுறதும் பிரயோஜனமில்ல. ஓரியன்டல்னு சொல்லிட்டிருந்த வாசனைக் குடும்பத்தையே 2021ல, சென்ட்டுகளை வகை பிரிக்கிற மைக்கேல் எட்வர்ட்ஸ் தன்னோட வாசனைச் சக்கரத்துல ஆம்பர்னு மாத்திட்டாரு, இப்ப 1925ல வந்த ஷாலிமார் சென்ட் வரைக்கும் எல்லாம் அந்தப் பேருக்குக் கீழதான் வருது.

என் கதை சின்னது. ஜனவரி, டர்பன் புழுக்கம், இன்டர்வியூக்குப் போறேன்னு நாலு தடவை அடிச்சுட்டு மினிபஸ் டாக்ஸில ஏறிட்டேன். பக்கத்துல இருந்த கர்ப்பிணிப் பொண்ணு வாயைப் பொத்திட்டு நடுவழியில இறங்கிட்டா. அந்த மூஞ்சி இன்னும் கண்ணுலயே நிக்குது.

அதனால சொல்றேன், இது குளிர் காலத்துச் சரக்கு, இங்க வெக்கை குறையுற ஏப்ரலுக்கு முன்னாடி தொடாதீங்க. ரெண்டு தடவைக்கு மேல வேண்டாம். கடையில அட்டைத் துண்டுல மோந்துட்டு முடிவு பண்ணாதீங்க, தோல்ல போட்டுட்டு வெளிய ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க, முதல் பத்து நிமிஷத்துல மேலாப்ல இருக்கிற காரம்தான் தெரியும், பிசினெல்லாம் கனம், மெதுவாத்தான் எழும்பும். ஒரே நாள்ல மூணுக்கு மேல மோக்காதீங்க, மூக்கு மரத்துப் போயிடும். பாட்டிலைப் பாத்ரூம்ல வைக்காதீங்க, சூடும் வெளிச்சமும் கெடுத்துடும். வெள்ளைத் துணில அடிக்காதீங்க, கறை பிடிக்கும்.

ரியூனியன்_மருமக:
ஏப்ரலுக்கு முன்னாடி தொடாதேன்னா, வருஷம் பூரா வெக்கையா இருக்கிற எங்க ரியூனியன் தீவுல நாங்க என்ன பண்றது? அந்தப் பொண்ணுக்கு நடந்தது கஷ்டம்தான், ஆனா அது நாலு தடவை அடிச்சதால, ஆம்பரால இல்ல.

வெனிலான்னா பாயசம்னு ஒரே வார்த்தைல தள்ளிட்டீங்களே, அதுவும் மனசுக்கு ஒப்பல. வெனிலாப் பூ ஒரு நாள் காலையிலதான் விரியும், அன்னிக்கே வாடிடும், அதுக்குள்ள ஒவ்வொரு பூவுக்கும் கையால மகரந்தம் சேத்து வைக்கணும். அந்த வழியை 1841ல கண்டுபிடிச்சது இங்க சேன்ட் சுசான்ல அடிமையா இருந்த எட்மோன் அல்பியுஸ், பன்னெண்டு வயசுப் பையன். 1874ல லேப்லயே வெனிலின் செஞ்சுட்டாங்கதான், இருந்தாலும் கல்யாணமாகி வந்த புதுசுல மாமியார் ஒரு தகர டப்பாவைத் திறந்து கறுப்புக் காய் ஒண்ணை என் உள்ளங்கையில வச்சு விரலை மடக்கிவிட்டாங்க, ஒரு வார்த்தை பேசல. ராத்திரி படுக்கிற வரைக்கும் நான் கை கழுவல.

ஹைவெல்ட்_வாசி:
அண்ணா, பொறுமையா எழுதுனதுக்கு நன்றி. ஆனா கிஸ்ட் கதையைப் படிச்சதுலேர்ந்து ஒண்ணு தோணுது. வாசம் அந்தம்மா சால்வையை விலக்குனப்பதான் வந்துச்சு, கம்பளிலேர்ந்து. அவங்க சென்ட்டே போடலையோ? அக்கா, உங்க ஆயாகிட்டயும் கிஸ்ட் இருந்திருக்குமே, அதுக்குள்ள என்ன வைப்பாங்க?

இசிப்பிங்கோ_பேத்தி:
பட்டை, லவங்கம் ஒரு துணில முடிஞ்சு போடுவாங்க, பூச்சி வராதுன்னு. வெள்ளிக்கிழமை சாமி விளக்கு ஏத்துனதும் உள்ள சாம்பிராணிப் புகை காட்டிட்டு மூடுவாங்க. ஆயாவோட கிஸ்ட் இப்ப டர்பன் பக்கம் ஃபீனிக்ஸ்ல தங்கச்சி வீட்ல இருக்கு, போர்வை போட்டு வச்சிருக்கா. ஞாயித்துக்கிழமை போறேன், திறந்து பாத்துட்டு எழுதுறேன் தம்பி.