டெக்னிக்ஸ் 1200ஜிஆர்: வூஃபர் ஆடுகிறது, எந்த எம்சி கார்ட்ரிட்ஜ் பொருந்தும்?

தட்டுப்பித்தன் (மதுரை):

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது டெக்னிக்ஸ் எஸ்எல்-1200ஜிஆர் டர்ன்டேபிள் (இசைத்தட்டு சுழற்றி), அதில் ஆர்டோஃபான் 2எம் ப்ளூ கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்). பாட்டு நன்றாகத்தான் கேட்கிறது. ஆனால் கொஞ்சம் வளைந்த தட்டைப் போட்டால் வூஃபர் கோன் (தாழ்ந்த ஒலி தரும் ஸ்பீக்கரின் கூம்பு) உள்ளேயும் வெளியேயும் போய் வருகிறது. ஊசி இறங்கியதுமே, பாட்டு தொடங்கும் முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறது. அப்பா வாங்கி வைத்த பழைய எச்எம்வி தட்டுகள் பல, மாடி அறைச் சூட்டில் கிடந்து லேசாக வளைந்துவிட்டன. அவற்றை ஒதுக்க மனமில்லை.

கடையில் கேட்டதற்கு, "கனமான ஹெட்ஷெல் மாட்டுங்க சார், ஆட்டம் நின்னுடும்" என்றார்கள். கையின் (டோன்ஆர்ம்) நுனியில் கார்ட்ரிட்ஜைப் பிடிக்கும் அந்தத் துண்டை இன்னும் மாட்டவில்லை.

இதோடு, இப்போதுள்ள எம்எம் (காந்தம் அசையும்) வகையை விட்டு எம்சி (கம்பிச்சுருள் அசையும்) வகைக்கே மாறிவிடலாம் என்று பணம் சேர்த்திருக்கிறேன். மனதில் இருப்பவை டெனான் டிஎல்-103ஆர், ஆர்டோஃபான் கேடென்ஸா ப்ரான்ஸ், லைரா டெலோஸ். பின்னால் சொன்ன இரண்டுக்கும் கம்ப்ளையன்ஸ் (ஊசித் தண்டு எவ்வளவு இளகி அசையும் என்ற அளவு) 12 என்றே போட்டிருக்கிறது. அப்படியானால் இரண்டும் இந்தக் கைக்கு ஒரே மாதிரிதானே பொருந்தும்?

ஊசிமுனை (சென்னை):

கனமான ஹெட்ஷெல் வேண்டவே வேண்டாம் சார். 2எம் ப்ளூவோடு அதை மாட்டினால் ஆட்டம் கூடும்.

காரணம் இதுதான். ஊசித் தண்டைப் பிடித்திருக்கும் ரப்பர் ஒரு சுருள்வில் மாதிரி வேலை செய்கிறது. கையும் கார்ட்ரிட்ஜும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் எடை. இந்த ஜோடிக்கென்று ஓர் அதிர்வெண் உண்டு. அந்த இடத்தில் சின்னத் தூண்டுதல் கிடைத்தாலும் பெரிதாக ஆடும். தட்டின் வளைவு எழுப்பும் அசைவு பெரும்பாலும் 6 ஹெர்ட்ஸுக்குக் கீழே. பாட்டின் அடித்தளம் 20-லிருந்து. அதனால் நம் ஜோடியின் அதிர்வெண் இரண்டுக்கும் நடுவே, 8 முதல் 12-க்குள் விழ வேண்டும்.

கணக்கு சுலபம். மொத்த எடையையும் கம்ப்ளையன்ஸையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, அதால் 159-ஐ வகுங்கள். உங்கள் கையின் எஃபெக்டிவ் மாஸ் 12 கிராம். தராசில் வைத்துப் பார்க்கும் எடை இல்லை இது, ஊசி முனையில் உணரப்படும் எடை. 2எம் ப்ளூ 7.2 கிராம், திருகுகளுக்கு ஒரு கிராம், ஆக 20.2. கம்ப்ளையன்ஸ் 20. விடை 7.9 ஹெர்ட்ஸ். கீழ் எல்லைக்கு வெளியே கால் வைத்தாயிற்று. இதன் மேல் இன்னும் 7 கிராம் கூடிய ஹெட்ஷெல் போட்டால் 6.8-க்கு இறங்கும், அதாவது வளைவு தட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே போய் நிற்கும்.

இப்போது அந்த 12. இங்கேதான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள். ஆர்டோஃபான் தருவது 10 ஹெர்ட்ஸில் எடுத்த அளவு. லைராவும் டெனானும் ஜப்பானிய வழக்கப்படி 100 ஹெர்ட்ஸில் எடுத்த அளவைத் தருகின்றன. ரப்பர் மெதுவான அசைவுக்கு இளகியும் வேகமான அசைவுக்கு விறைத்தும் நிற்கும். அதனால் 100 ஹெர்ட்ஸ் எண்ணை 1.5-லிருந்து 2 வரை ஏதாவது ஒன்றால் பெருக்கித்தான் சூத்திரத்தில் போட வேண்டும். நான் 1.7 அல்லது 1.8 வைத்துக்கொள்வேன்.

கேடென்ஸா ப்ரான்ஸ்: 10.7 கிராம், 12-ஐ அப்படியே போடலாம். 9.4 ஹெர்ட்ஸ். நட்ட நடுவே.

டெலோஸ்: 7.3 கிராம்தான், ஆனால் அச்சில் உள்ள 12 உண்மையில் 20-ஐ ஒட்டி வரும். விடை 8-ஐ ஒட்டி. உங்கள் 2எம் ப்ளூ இப்போது நிற்கும் அதே இடம்! அருமையான கார்ட்ரிட்ஜ், தட்டையான தட்டுகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்வேன். அப்பாவின் தட்டுகளுக்கு அல்ல.

டிஎல்-103ஆர்: 8.5 கிராம், அச்சில் 5, நமக்கு 9. விடை 11.4. வெறும் 5-ஐப் போட்டுப் பார்த்தால் 15 வரும். "டெக்னிக்ஸ் கைக்கு 103 ஆகாது" என்ற பேச்சு பல நேரம் இப்படித்தான் கிளம்புகிறது. கடைக்காரர் சொன்ன கனமான ஹெட்ஷெல்லுக்கு ஒரு இடம் உண்டென்றால் அது 103-உடன்தான். 7 கிராம் கூட்டினால் 9.9-க்கு வரும். அப்போது கையைச் சமன் செய்யப் பின்னால் துணை எடையும் வேண்டியிருக்கும்.

என் ஓட்டு கேடென்ஸா ப்ரான்ஸுக்கு. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அதன் ரெப்ளிகன்ட் 100 ஊசி மெல்லிய விளிம்பு கொண்டது, பள்ளத்தில் நேராக நிற்க வேண்டும். டெக்னிக்ஸ் கையின் உயரத்தைத் திருகி மாற்றலாம், ஆனால் இடவலச் சாய்வை மாற்ற வழி இல்லை. கழுத்தில் சுழலும்படி செய்த ஹெட்ஷெல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், எடை பழையதை ஒட்டியே இருக்கட்டும். சின்னக் கண்ணாடித் துண்டைத் தட்டு வைக்கும் மேடையில் வைத்து ஊசியை அதன் மேல் இறக்கி, முன்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கார்ட்ரிட்ஜும் பிம்பமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இம்மி சாய்ந்தாலும் மடிந்த மாதிரி தெரியும்.

மெல்லியகை (சிங்கப்பூர்):

ஊசிமுனை அண்ணா சொன்ன கணக்கு சரி. ஆனால் ஆட்டம் எந்த அதிர்வெண்ணில் வருகிறது என்பது மட்டும் போதாது, எவ்வளவு உயரத்துக்கு எழுகிறது என்பதும் உண்டு. நான் வைத்திருப்பது எஸ்எம்இ 3009 மூன்றாம் தொடர், எஃபெக்டிவ் மாஸ் வெறும் 5 கிராம். ஷ்யூர் வி15 மாதிரி இளகிய கார்ட்ரிட்ஜுகளுக்கென்றே பிறந்த கை. அதில் கையின் ஆட்டத்தை அடக்கும் சிலிக்கோன் எண்ணெய்த் தொட்டி பொருத்தினால் வளைந்த தட்டிலும் வூஃபர் அடங்கி நிற்கிறது. உங்கள் 1200-க்கும் வேறு நிறுவனத்தார் செய்த எண்ணெய்த் தொட்டி கிடைக்கிறது. 2எம் ப்ளூவையே வைத்துக்கொள்ள நினைத்தால் முதலில் அதைப் பாருங்கள்.

103-ஐ இந்த லேசான கையில் மாட்டியும் கேட்டேன். கணக்கில் 14 ஹெர்ட்ஸ்தான் வந்தது. ஆனால் விறைத்த தண்டு பள்ளத்தின் அதிர்வையெல்லாம் கைக்குள் தள்ளுகிறது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் மெலிந்து போய், வயலின் மேல் ஸ்தாயியில் கூசியது. உங்கள் 12 கிராம் கையில் அந்தக் கவலை குறைவு.

தட்டுப்பித்தன் (மதுரை):

இருவருக்கும் நன்றி. ஹெட்ஷெல் யோசனையை விட்டாயிற்று. என் ஃபோனோ ஸ்டேஜில் (கார்ட்ரிட்ஜின் சிறு மின்சாரத்தைப் பெருக்கும் கருவி) எம்எம் மட்டும்தான். சப்சோனிக் ஃபில்டர் (காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வை வடிகட்டுவது) உள்ள ஒன்றாகவே வாங்கிவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படாதோ?

ஊசிமுனை (சென்னை):

ஃபில்டர் வூஃபரைக் காக்கும், ஊசியைக் காக்காது. ஊசி பள்ளத்தில் ஆடிக்கொண்டேதான் இருக்கும். ஆடும்போது அழுத்தம் ஏறி இறங்கும், சுருதியும் லேசாக அலையும். இருந்தால் நல்லது, பொருத்தத்துக்கு மாற்று இல்லை.

ஃபோனோ ஸ்டேஜ் எப்படியும் மாற்ற வேண்டும். ப்ளூ தருவது 5.5 மில்லிவோல்ட், ப்ரான்ஸ் 0.4. ஏறக்குறைய 23 டெசிபல் கூடுதல் பெருக்கம் தேவை. அதற்கும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள். மாட்டியபின் ஹை-ஃபை நியூஸ் சோதனைத் தட்டில் அதிர்வெண் பகுதியை ஓட்டி, கார்ட்ரிட்ஜ் எந்த எண்ணில் நடுங்குகிறது என்று பார்த்து இங்கே எழுதுங்கள். 9-க்கும் 10-க்கும் நடுவே வரும் என்று நினைக்கிறேன்.