மறு: பிளே-பை-பிளே அறிவிப்பாளருக்குத் தமிழ்ச்சொல்

> "நேர்முக வர்ணனையாளர்" இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

ஒருவரே எல்லாம் பேசும் இடத்தில் அது போதும். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியிலும் அமெரிக்கக் கால்பந்திலும் ஒலிவாங்கி முன் இருவர் அமர்கிறார்கள். நடப்பதை நடக்கும்போதே சொல்பவர் ஒருவர். அவர்தான் பிளே-பை-பிளே அறிவிப்பாளர். ஏன் அப்படி நடந்தது என்று சொல்பவர் மற்றவர். இரண்டாமவர் பெரும்பாலும் முன்னாள் வீரர். அவரைக் கலர் காமென்டேட்டர் என்கிறார்கள். கென்னி ஆல்பர்ட் 1994 முதல் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் அமெரிக்கக் கால்பந்து, 1995 முதல் 2025 வரை நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியின் வானொலியில் ஹாக்கி என்று இரண்டிலும் முதல் நாற்காலிக்காரர். அவரைப் பற்றி எழுதும்போது "வர்ணனையாளர்" என்றால் எந்த நாற்காலி என்பது தெரியாமல் போகிறது.

கலர் காமென்டரியை அப்படியே பெயர்த்து "வண்ண வர்ணனை" என்பது வேண்டவே வேண்டாம். வர்ணனைக்குள்ளேயே வர்ணம் இருக்கிறது. வண்ணத்துக்கு வண்ணம் பூசுவதாகிவிடும். பிளே-பை-பிளேயை "ஆட்டத்துக்கு ஆட்டம்" என்றால் போட்டிக்குப் போட்டி என்றுதான் படிப்பார்கள்.

என் முன்மொழிவு: உடனுரை, உடனுரையாளர்.

———

> உடனுரையாளர்

கேட்டவுடன் "கூடப் பேசுபவர்" என்றுதான் தோன்றுகிறது. அதாவது இரண்டாம் நாற்காலிக்காரர்! பொருள் தலைகீழாகிவிடும்.

நம்மிடம் பழைய பாகுபாடு ஒன்று உண்டே: பதவுரை, விளக்கவுரை. சொல்லுக்குச் சொல் போவது பதவுரை. நின்று காரணம் காட்டுவது விளக்கவுரை. அந்த வரிசையில் முதலாமவருக்கு நிகழுரை, இரண்டாமவருக்கு விளக்கவுரை என்று வைக்கலாம். வழக்குரைஞர் போல நிகழுரைஞர்.

ஹாக்கியில் இந்தச் சொல் கச்சிதம். பக் (ரப்பர் வட்டு) நிற்பதே இல்லை. வீரர்கள் சுமார் முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை, ஆட்டம் ஓடும்போதே தடுப்பைத் தாண்டி மாறிவிடுகிறார்கள். குனிந்து தாளைப் பார்த்தால் இரண்டு கைமாற்றம் போய்விடும். அதனால் அறிவிப்பாளர்கள் அணிக்கு 20 பேரின் எண்ணையும் பெயரையும் காலைப் பயிற்சியின்போதே மனத்தில் ஏற்றிக்கொள்கிறார்கள். முதுகு எண் மறைந்தால் சறுக்கும் விதம், மட்டையை எந்தக் கைப்பக்கம் பிடிக்கிறார் என்பதை வைத்து ஆளைப் பிடிக்கிறார்கள். கோலின்போது தவறு நேர்வது, அடித்த பக் வழியில் இன்னொருவர் மட்டையில் பட்டுத் திரும்பும்போது. தேர்ந்தவர் முதலில் "கோல்!" என்பதோடு நிறுத்தி, பெயரை மறுகாட்சிக்குப் பிறகே உறுதி செய்வார். விளக்கவுரைஞருக்கு வாய் திறக்க விசில் வரவேண்டும்.

ஹாக்கி அறிவிப்பாளர் மைக் எம்ரிக் பக்கின் அசைவுக்கு மட்டும் எத்தனையோ வினைகளை வைத்திருந்தார். தமிழில் அதற்குப் பஞ்சமில்லை: தட்டினார், சுண்டினார், செருகினார், வழித்துவிட்டார், உருட்டிவிட்டார். இப்பட்டியலையும் சேர்த்தே தொகுக்க வேண்டும் என்பது என் ஆசை.

———

> நிகழுரை

ஹாக்கிக்கு ஏற்கிறேன். அமெரிக்கக் கால்பந்தில் ஒரு தடை சொல்கிறேன். அங்கே ஒரு நகர்வு சில நொடிகளில் முடிந்துவிடும். அடுத்தது தொடங்க 40 நொடிக் கடிகாரம் ஓடும். பேச்சில் பாதி, நிகழப்போவதற்கான ஆயத்தம்: எத்தனையாவது முயற்சி, இன்னும் எத்தனை கெஜம், பந்து எந்தக் கோட்டில், அணிவகுப்பு எப்படி. பிறகுதான் பந்தை யார் பெற்றார், எவ்வளவு முன்னேறினார், யார் வீழ்த்தினார். டச்டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் பெறும் புள்ளி) என்று கூவிய பின், விதிமீறலைக் காட்டும் மஞ்சள் கொடி கிடந்தால் அத்தனையும் திரும்பப் பெற வேண்டும்.

———

அந்தத் தடையே சொல்லுக்குத் துணை நிற்கிறது. நிகழுரை வினைத்தொகை: நிகழ்ந்த, நிகழ்கின்ற, நிகழும் மூன்றும் அடங்கும். ஆயத்தப் பேச்சும் உள்ளே வந்துவிடுகிறது.

வானொலிக்குத் தனிச்சொல் தேவையில்லை. வேலையின் அளவுதான் கூடும். ஹாக்கி வானொலி அறிவிப்பாளர் ஃபாஸ்டர் ஹெவிட் 1923-இல் டொராண்டோவில் தொலைபேசிக்குள் பேசியபோது கேட்பவருக்கு ஒன்றும் தெரியாது. எந்தப் பக்கச் சுவர், எந்த நீலக்கோடு, ஸ்கோர், மீதி நேரம், எல்லாம் வாயால்தான் போக வேண்டும். தொலைக்காட்சியில் அதே அளவு பேசினால் இரைச்சல்.

மிச்சம் ஒன்று: கால்பந்தில் அறிவிப்பாளர் பக்கத்தில் நின்று, 22 பேரின் பெயர் ஒட்டிய பலகையில் வீழ்த்தியவர் பெயரை விரலால் தொட்டுக் காட்டும் ஸ்பாட்டர். "ஆள்காட்டி" எப்படி? விரலின் பெயரும் அதுவே, ஆளைக் கண்டதும் கத்தும் பறவையின் பெயரும் அதுவே.

———

வேலைக்குப் பொருத்தம்தான். ஆனால் காட்டிக்கொடுப்பவன் என்ற நிழலும் அதில் உண்டு. செய்தியில் "இவர் ஆள்காட்டியாகப் பணியாற்றினார்" என்றால் உறுத்தும். "ஆளறிவிப்பாளர்" என்று வைத்துக்கொண்டு, பலகைக்கு "ஆள்பலகை" என்றால் இரண்டும் சேர்ந்து போகும்.