மீன்தொட்டி ஜெல்லி: மீன்கள் மூழ்குகின்றன, அடுக்குகள் வழுக்குகின்றன, நீலம் ஊதாவாகிறது – உதவி தேவை

கடலூர்க்காரி (கேள்வி):

வணக்கம். மே மாதத்தில் என் மகனின் ஏழாவது பிறந்தநாள் வருகிறது. கண்ணாடி போன்ற கோப்பைகளில் அடியில் கூழாங்கல்லுக்குப் பதிலாகச் சப்ஜா விதை, அதன்மேல் சங்குப்பூச் சாற்றில் செய்த நீல ஜெல்லி, நடுவே மாம்பழக்கூழில் செய்து வெட்டிய சின்னச் சின்ன மஞ்சள் மீன்கள் என்று ஒரு மீன்தொட்டியையே பிள்ளைகள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது என் ஆசை. வருபவர்களில் சைவக் குடும்பங்களும் இருப்பதால் ஜெலட்டின் கிடையாது. கடற்பாசி, அதாவது கடையில் சைனா கிராஸ் என்று விற்கும் இழைகள்தான்.

முன்னோட்டமாகக் கொஞ்சம் செய்து பார்த்ததில், மீன்கள் அனைத்தும் கோப்பையின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. கரண்டியை விட்டால் மேலடுக்கு தனியாகவும் கீழடுக்கு தனியாகவும் வழுக்கி வருகின்றன. சுவைக்காக எலுமிச்சைச் சாறு சேர்த்ததும் கடல் நீலம் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறிவிட்டது. மறுநாள் காலையில் பார்த்தால் ஜெல்லியைச் சுற்றித் தண்ணீர் கோத்து நிற்கிறது. இவற்றுள் எவை கைப்பக்குவத்தால் தீரும், எவை பொருளின் இயல்பு என்று அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நோன்புக்கஞ்சி (பதில்):

அம்மா, எங்கள் வீட்டில் ரமலான் மாதம் முழுக்க இஃப்தார் தட்டில் கடற்பாசி இருக்கும் என்பதால் இதில் கொஞ்சம் பழக்கம் உண்டு.

முதலில் இழைகளைக் குளிர்ந்த நீரில் அரைமணி நேரமாவது ஊறவையுங்கள். பிறகு கொதிக்கவிட்டு, ஓர் இழைகூடக் கண்ணுக்குத் தெரியாதபடி கரைந்த பின்னரே சர்க்கரை சேர்த்து வடிகட்டுங்கள். கலங்கலாக வருவதற்குப் பெரும்பாலும் கரையாத இழையே காரணம். நாட்டுச்சர்க்கரையும் வெல்லமும் மற்ற நேரத்தில் எவ்வளவு நல்லவையாக இருந்தாலும் இந்தக் கடலுக்குள் வேண்டாம். வெள்ளைச் சர்க்கரைதான் தெளிவு தரும். நீலப் பகுதிக்கு ஒரு லிட்டர் நீருக்குப் பத்து கிராம் இழை போதும். மீன் வெட்டும் தகட்டுக்கு அதே பத்து கிராமை முக்கால் லிட்டரில் போட்டால் வெட்டும்போது உடையாது.

அடுக்கு வழுக்குவதற்குக் காரணம் நீங்கள் பொறுமையாக இருந்ததுதான் என்றால் நம்புவீர்களா? கீழடுக்கு முழுவதும் இறுகிக் குளிர்ந்த பிறகு மேலே ஊற்றினால் இரண்டும் ஒட்டாது. விரல் நுனியால் தொட்டால் மேலே ஆடை கட்டியிருக்க வேண்டும், கோப்பையை அசைத்தால் உள்ளே இன்னும் தளதளக்க வேண்டும். அந்த நேரத்தில் அடுத்த அடுக்கைச் சூடாக ஊற்றுங்கள். நேரம் தவறிவிட்டால், இறுகிய பரப்பை முள்கரண்டியால் லேசாகக் கீறிவிட்டு ஊற்றினால் ஓரளவு பிடிக்கும்.

மீனுக்கும் இதே வழிதான். நீலத்தைப் பாதி ஊற்றி, ஆடை கட்டும் தறுவாயில் மீனைக் கோப்பையின் சுவரை ஒட்டிச் செருகி நிறுத்திவிட்டு, மீதி நீலத்தைக் கரண்டியின் முதுகில் விழுமாறு மெதுவாக ஊற்றுங்கள். அதுவரை மீதி நீலம் இருக்கும் பாத்திரத்தை வெந்நீருக்குள் வைத்திருங்கள். இறுகிப்போனாலும் மீண்டும் கொதிக்கவைத்துக் கரைத்துக்கொள்ளலாம்.

சோதனைக்குழாய் (பதில்):

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். நிறத்தையும் நீரையும் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

சங்குப்பூவின் நீலம் ஆந்தோசயனின் வகை நிறமிகளால் வருவது. அமிலம் பட்டால் அது ஊதாவாகும், இன்னும் மிகுந்தால் இளஞ்சிவப்பாகும். காரத்தன்மை கூடிய நீரில் பச்சைச் சாயலும் தட்டும். ஆகவே நீலத்தில் எலுமிச்சையை அடியோடு விட்டுவிட்டு, புளிப்பை மீனுக்குள் வையுங்கள். அங்கும் சாற்றை அடுப்பை அணைத்த பிறகே சேர்க்க வேண்டும், ஏனென்றால் அமிலத்தோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் கடற்பாசியின் நீண்ட சங்கிலிகள் அறுபட்டு இறுகும் திறன் குறைந்துவிடும்.

நீர் கோப்பது பொருளின் இயல்பு. இறுகிய கடற்பாசி நேரம் செல்லச் செல்லத் தன்னுள் இருக்கும் நீரைப் பிழிந்து வெளியேற்றும். சர்க்கரை சற்றுக் கூடினால் இது குறையும். விருந்தன்று காலையிலேயே செய்து மூடி வைப்பது அதைவிட நல்லது. சீக்கிரம் இறுகட்டும் என்று உறைபெட்டியில் மட்டும் வைத்துவிடாதீர்கள். கடற்பாசி இழைகளைத் தயாரிக்கும் முறையே கூழை உறையவைத்து, உருகவிட்டு, நீரை வெளியேற்றி உலர்த்துவதுதான். அதே வேலை உங்கள் கோப்பைக்குள் நடந்துவிடும்.

மொட்டைமாடி வெயிலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மே மாதம் என்கிறீர்கள். ஜெலட்டின் நம் உடல் வெப்பத்துக்குள்ளேயே உருகிவிடும். கடற்பாசியோ 40 டிகிரிக்குக் கீழே வரும்போது இறுகத் தொடங்கி, ஒருமுறை இறுகிவிட்டால் 85 டிகிரி வரை உருகாது. இந்தக் குணத்தால்தான் அது அடுப்படியிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கே போனது. 1881-இல் ஜெர்மன் நுண்ணுயிரியல் அறிஞர் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வால்டர் ஹெஸ்ஸே, கிருமி வளர்க்கும் ஜெலட்டின் கோடை வெப்பத்தில் உருகுகிறதே என்று திணறியபோது, அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ்ஸேதான் தாம் ஜெல்லி செய்யப் பயன்படுத்திய கடற்பாசியை எடுத்துக்காட்டினார். இன்றும் நுண்ணுயிரியல் கூடங்களில் தட்டுத் தட்டாக இருப்பது அதுதான்.

கடலூர்க்காரி:

இருவருக்கும் மிக்க நன்றி. இன்னும் இரண்டு ஐயங்கள். மாம்பழத்துக்குப் பதிலாகப் பச்சை அன்னாசிச் சாற்றில் மீன் செய்யலாமா? அன்னாசி இறுகாது என்று ஒரு சமையல் குறிப்பில் படித்தேன். மேலும், மீதமாகும் கலவையைக் குட்டிக் குட்டிக் கிண்ணங்களில் ஊற்றி, பிள்ளைகள் வாயில் வைத்து ஒரே உறிஞ்சாக உறிஞ்சும்படி கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

சோதனைக்குழாய்:

அன்னாசியைத் தாராளமாகச் சேர்க்கலாம். அதிலுள்ள புரோமலின் என்னும் நொதி புரதத்தை அறுப்பது. ஜெலட்டின் புரதம் என்பதால் இறுகாமல் போகிறது. கடற்பாசி மாவுச்சத்து இனத்தைச் சேர்ந்தது, நொதி அதைத் தொடாது. புளிப்பு மட்டும் கவனம். சாற்றை அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, அடுப்பிலிருந்து இறக்கிய கலவையில் கலக்குங்கள்.

மழலையர் வகுப்பு ஆசிரியை (பதில்):

குட்டிக் கிண்ண யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். ஒரே உறிஞ்சில் வாய்க்குள் போகும் அளவுள்ள ஜெல்லி தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கொன்யாக் கிழங்கு மாவில் செய்த இத்தகைய குட்டி ஜெல்லிகளால் குழந்தைகள் மூச்சடைத்து இறந்த பிறகு, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2001-இல் எச்சரிக்கை விடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் ஜெல்லி மிட்டாய்களில் கொன்யாக்கையே 2003-இல் தடைசெய்தது. கடற்பாசி அதைவிட எளிதில் உடையும் என்பது உண்மைதான், ஆனாலும் வழுக்கும் உருண்டை வழுக்கும் உருண்டைதான். கோப்பையில், கரண்டியோடு, உட்கார்ந்து சாப்பிடட்டும். மீன்களைத் தடிமனாக வெட்டாமல் மெல்லிய தகடாக வெட்டுங்கள். கண்ணுக்கு மிட்டாய் உருண்டை பதிக்காமல் பல்குத்தும் குச்சியால் ஒரு துளையிட்டால் போதும். முழுத் திராட்சையும் வேண்டாம். அண்ணன் அக்காவோடு வரும் சின்னஞ்சிறுசுகளுக்குக் கரண்டியால் மசித்துக் கொடுக்கலாம்.

சப்ஜா விதையையும் கவனியுங்கள். ஒவ்வொரு விதையைச் சுற்றியும் வழவழப்பு முழுதாக உப்பிய பிறகே சேர்க்க வேண்டும். அரைகுறையாக ஊறியது தொண்டையிலேயே நீரை இழுத்து வீங்கும்.

கடலூர்க்காரி:

குட்டிக் கிண்ணத்தை விட்டுவிட்டேன். இன்று மாலை நீலத்தில் எலுமிச்சை இல்லாமல் செய்தேன். நிறம் அப்படியே நிற்கிறது, மீனும் நடுவில் நிற்கிறது. சப்ஜா மட்டும் மேலே மிதந்து வந்து மீனின் வயிற்றில் ஒட்டிக்கொள்கிறது. பரப்பில் சிறு குமிழ்களும் நிற்கின்றன.

நோன்புக்கஞ்சி:

சப்ஜாவை நேரே கடலில் விடாதீர்கள். ஊறியதை நன்றாக வடிகட்டி, நிறமில்லாத கடற்பாசிக் கலவை இரண்டு கரண்டியில் கலந்து, கோப்பையின் அடியில் தனி அடுக்காக ஊற்றி ஆடை கட்டவிடுங்கள். அதன்பின் நீலம். குமிழ்களை இறுகுமுன் கரண்டி நுனியால் வழித்தெடுக்கலாம். ஆனால் மீன் வாய்க்கு நேர் மேலே இரண்டை விட்டுவையுங்கள், பிள்ளைகள் முதலில் பார்ப்பது அதைத்தான்.