புதுப்பிப்பு: கில்ட்டை மடிக்கவில்லை, சுருட்டியே கொண்டு போனேன்

ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலிருந்து அதன் வடக்கே ஓர்க்னித் தீவுகளில் நடக்கும் நண்பரின் திருமணத்துக்கு, எட்டு கஜக் கம்பளி கில்ட்டை (ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும் மடிப்பு வைத்த பாவாடை) மடிப்பு கலையாமல் விமானத்தில் எப்படிக் கொண்டு போவது என்று கேட்டிருந்தேன். சூட் பையில் தொங்கவிடு என்றார்கள் பாதிப் பேர், சுருட்டு என்றார்கள் மீதிப் பேர். சுருட்டினேன்.

முதலில் பின்பக்க மடிப்புகளின் கீழ் ஓரத்தில் வெள்ளை நூலால் ஓட்டுத்தையல் போட்டேன். இந்த ஒரு வேலைக்குச் சோம்பல்படாதீர்கள். அப்புறம் கட்டிலில் விரித்து, மடிப்புகளைக் கையால் நீவி, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பாய் சுருட்டுவது போல உருட்டினேன். இறுக்க வேண்டாம், நழுவாமல் இருந்தால் போதும். பழைய நைலான் காலுறை ஒன்றை வெட்டி அதற்குள் நுழைத்தாயிற்று. உருளையின் நீளம் கில்ட்டின் உயரம்தான், சுமார் 60 செ.மீ. கைப்பெட்டியில் நேராக நிற்காது, மூலைக்கு மூலை சாய்த்து வைத்தால் உட்காரும்.

காலுறையில் செருகும் ஸ்கீன் டூ கத்தி கைப்பெட்டியில் கூடவே கூடாது. அது சரக்குப் பெட்டியில் போயிற்று. ஸ்போரனின் (கில்ட்டின் முன்னால் தொங்கும் சிறு பை) சங்கிலியையும் கில்ட் ஊசியையும் சோதனைத் தட்டில் தனியாக வைத்தேன், கேள்வியே இல்லை.

போய்ச் சேர்ந்ததும் தையலைப் பிரிக்காமல் குளியலறையில் தொங்கவிட்டு வெந்நீரைத் திறந்துவிட்டேன். முன்பக்கத்தில் இருந்த லேசான சுருக்கம் காலைக்குள் போய்விட்டது. இஸ்திரிப் பெட்டி தேவைப்படவில்லை. தையலைக் கிளம்பும் முன்புதான் உருவினேன்.

சூட் பைக்காரர்கள் கோபிக்க வேண்டாம். காரில் போவதென்றால் நானும் உங்கள் கட்சிதான்.