இங்கிலாந்துப் பாணிச் சப்பாத்து: தரம் அறிய உதவி தேவை

வணக்கம். அலுவலகத்துக்கும் கலியாண வீடுகளுக்கும் அணியக்கூடிய கறுப்பு ஒக்ஸ்போர்ட் சப்பாத்து ஒரு சோடி, இயன்றளவு மலிவாக, லண்டனிலிருந்து வரும் உறவினர் மூலம் எடுப்பிக்க எண்ணியுள்ளேன். மேல்தோலையும் உள்ளடியையும் வெல்ட் எனும் பட்டியோடு தைத்து, வெளி அடியை அப்பட்டியில் தனியாகத் தைக்கும் குட்இயர் முறையில், தேய்ந்த அடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பதே அதன் பெறுமதி. ஆனால் சில மலிவுச் சப்பாத்துகளில் ஓரத் தையல் வெறும் அலங்காரமாக இருக்க, அடி பசையால் ஒட்டப்பட்டிருக்கும். படத்தைப் பார்த்து இதைப் பிரித்தறிவது எப்படி? மேற்பரப்பைத் தேய்த்துப் பூச்சிட்டு மினுக்கிய தோல் மடிப்புகளில் வெடிக்கக்கூடியது என்பதால், அதை நான் விரும்பவில்லை. எமது மாரி மழைக்குத் தோலடியை விட இறப்பரடி உகந்தது என்றே நினைக்கிறேன். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ வெல்ட் சப்பாத்துக்கு அடி மாற்றித் தைப்பவரை அறிந்தவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள். அப்படி ஒருவரும் இல்லையென்றால், அந்த முறைக்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் பயனுண்டா?