ஜிகினா உதிராத வாழ்த்து அட்டை: வேலூர் பக்கத்து அனுபவங்கள்

சத்துவாச்சாரியிலிருந்து:

"வாழ்த்து அட்டை கொடுங்க, வேணாம்னு சொல்லல, ஆனா ஜிகினா போட்டதை மட்டும் வார்டுக்குள்ள கொண்டாராதீங்க." ஒரு நர்ஸம்மா இதைச் சொன்னபோது என் கையில் அட்டை எதுவும் இல்லை. பக்கத்துப் படுக்கைக்கு யாரோ கொடுத்துவிட்டுப் போன ஒரு பெரிய அட்டையைக் காட்டித்தான் சொன்னார். அதிலிருந்த தங்க ஜிகினா போர்வைக்கு வந்து, போர்வையிலிருந்து தலையணைக்குப் போய், அங்கிருந்து அந்தப் பெரியவரின் கன்னத்திலும் ஒட்டியிருந்தது. பார்க்கத் தூள் மாதிரி இருந்தாலும் அது மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிமில் அலுமினியம் பூசி, பொடிப்பொடியாக, பெரும்பாலும் அறுகோணமாக வெட்டியது. ஓரமெல்லாம் கூர்மை. கண்ணுக்குள் போய், நாமும் தேய்த்துவிட்டால் கருவிழியைக் கீறிவிடும். கட்டுப் போட்ட இடத்தில் விழுந்தால் பொறுக்கி எடுப்பதும் லேசில்லை.

வேலூரில் இது சின்ன விஷயம் இல்லை. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனைக்கு இன்றைக்கு நாடு முழுக்க இருந்து ஆட்கள் வருகிறார்கள், அதனால் இந்த ஊரில் கையால் கார்டு செய்கிறவர்களிடம் பிறந்தநாள் அட்டையைவிட 'சீக்கிரம் குணமாகி வாங்க' அட்டைதான் அதிகம் கேட்பார்கள். படுத்திருக்கிற ஒருவருக்குக் கொடுக்கிற அட்டை மின்னத்தான் வேண்டும். வெள்ளைச் சுவரையும் பச்சைத் திரையையுமே பார்த்துக்கொண்டிருக்கிற கண்ணுக்கு அந்த மினுமினுப்பு ரொம்பவே தேவை. அதே சமயம் ஒரு பொட்டுக்கூட வெளியே வரக்கூடாது. அன்றிலிருந்து நான் செய்யும் ஜிகினா அட்டைகள் எல்லாமே கண்ணாடி போன்ற ஷீட்டுக்குள் அடைத்தவைதான். அட்டையில் ஒரு ஜன்னல் வெட்டி, பின்பக்கம் தெளிவான ஷீட்டை ஒட்டி, சுற்றிலும் ஃபோம் டேப்பால் வரப்பு கட்டி, நடுவில் ஜிகினாவும் சமிக்கியும் கொட்டி, பின்னால் இன்னொரு அட்டையால் மூடிவிட்டால் தீர்ந்தது. ஆட்டினால் உள்ளேயே ஓடும்.

ஷீட்டைப் பற்றி எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் லாங்கு பஜார் பக்கம் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கும் ஒரு பாய். ஓ.எச்.பி. ஷீட் (புரொஜெக்டரில் வைத்துக் காட்டுகிற மெல்லிய தெளிவான ஷீட்) கேட்டேன், "இன்னாத்துக்கும்மா?" என்றார், ஜன்னலுக்கு என்றதும் பாக்கெட்டை உள்ளே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்து நீட்டினார், ஸ்பைரல் பைண்டிங்கில் முன்னட்டையாகப் போடுகிற தடித்த ஷீட். "ஓ.எச்.பி. ஷீட்டு தொளதொளன்னு இருக்கும், நடுவுல அமுங்கிடும், இது நிக்கும்" என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை. பெரிய ஜன்னல் என்றால் மெல்லிய ஷீட் உள்ளே குழிந்து ஜிகினாவை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். அப்புறம் இங்க்ஜெட் பிரிண்டருக்கான ஷீட்டில் ஒரு பக்கம் சொரசொரப்பாக ஒரு பூச்சு இருக்கும், மை பிடிப்பதற்காக. ஜிகினா அதில் நன்றாக ஒட்டிக்கொள்ளும், தெளிவும் கம்மி. சாதா ஷீட்டை லேசர் பிரிண்டரிலோ ஜெராக்ஸ் மெஷினிலோ விடவே கூடாது, உள்ளே இருக்கும் உருளையின் சூட்டில் உருகிப் போய்விடும் என்பதையும் அவர்தான் சொன்னார். கடைசியாக அசிடேட், பாலியஸ்டர் என்ற இரண்டு வகைப் பிளாஸ்டிக் ஷீட்டிலும் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டுப் போட்டு இழுத்துக் காட்டினார். அசல் அசிடேட் சரக்கென்று கிழிந்தது, பாலியஸ்டர் கையால் எவ்வளவு இழுத்தும் கிழியவில்லை. இப்போது கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலும் பாலியஸ்டர்தான், நம் வேலைக்கு அதுவே போதும்.

ஒட்டுவதில் என் அனுபவம்: ஃபெவிகால் இதற்கு ஆகாது. அதிலுள்ள தண்ணீரை அட்டை உறிஞ்சினால்தான் அது காயும், பிளாஸ்டிக் உறிஞ்சாது, அதனால் ஓரமெல்லாம் வெள்ளையாகவே நிற்கும். சட்டென்று ஒட்டுகிற சின்ன டியூப் பசை அதைவிட மோசம், அதன் ஆவி பட்டு ஷீட்டில் வெள்ளைப் படலம் படிந்துவிடும், துடைத்தாலும் போகாது. டபுள் சைடு டேப்தான் சரி. ஃபோம் டேப்பை நான்கு துண்டாக வெட்டி வைத்தால் மூலையில் முடி அளவு இடைவெளி விழும், ஜிகினாவுக்கு அதுவே வாசல். நான் ஒரே நீளத் துண்டை மூலையில் மடக்கி மடக்கிக் கொண்டுபோய், தொடங்கிய இடத்திலேயே இறுக்கி முடித்துவிடுவேன்.

ஷீட்டில் ஜிகினா ஈ மொய்த்தாற்போல் ஒட்டுவது நிலைமின்னூட்டத்தால்தான். நம்ம ஊர் வெயில் காலத்தில் காற்று காய்ந்து கிடப்பதால் இது இன்னும் அதிகமாகும். உள்பக்கத்தில் முகத்துக்குப் போடும் பவுடரைப் பஞ்சால் மிக லேசாகத் தடவி, ஃபோம் டேப்பின் உள் ஓரத்திலும் கொஞ்சம் தொட்டுவிட்டு, மிச்சத்தை ஊதிவிட்டால் ஜிகினா தாராளமாக ஓடும். ஃபேனை மட்டும் நிறுத்தியே ஆகவேண்டும். கத்திரி வெயிலில் வேலூரில் ஃபேன் இல்லாமல் உட்காருவது எப்படி இருக்கும் என்று இங்கிருக்கிறவர்களுக்குத் தெரியும், அதனால் ஜிகினா கொட்டும் வேலையை விடியற்காலையிலேயே முடித்துவிடுகிறேன்.

ஒரு சந்திப்பை மட்டும் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். காந்தி ரோடு லாட்ஜ் ஒன்றில் கணவரின் சிகிச்சைக்காகத் தங்கியிருந்த ஒரு வங்காள அம்மா. ஊரில் பாட்டியோடு இருக்கும் மகளுக்குப் பிறந்தநாள் வருகிறது, அட்டை அனுப்ப வேண்டும். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது, இரண்டு பேருக்கும் அரைகுறை இந்தி. நான் காட்டிய அட்டைகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டு, தானே செய்கிறேன் என்று சைகை காட்டினார். வெள்ளை மார்க்கரைக் கொடுத்ததும் ஷீட்டின் மேல் வளைவு வளைவாக இலையும் பூவும் போட ஆரம்பித்தார், அவர்கள் ஊரில் அரிசி மாவைக் கரைத்துத் தரையில் போடும் ஆல்பனா. பக்கத்திலேயே இன்னொரு ஷீட்டில் நான் ஒரு புள்ளிக் கோலம் போட்டுக் காட்டினேன். அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார், அதுதான் அந்த அட்டையின் ஜன்னல். கருநீல அட்டை, வெள்ளி ஜிகினா, மேலே ஆல்பனாவும் கோலமும். 'ஷுபோ ஜன்மோதின்' (பிறந்தநாள் வாழ்த்து) என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு நுணுக்கம் செய்தார். முதலில் காகிதத்தில் எழுதி, காகிதத்தைப் புரட்டி, பின்னாலிருந்து தெரிகிற, இடவலம் மாறிய எழுத்தின் மேல் ஷீட்டை வைத்துப் பிரதி எடுத்தார். எழுத்து உள்பக்கம் போய்விடுவதால் விரல் பட்டு அழியாது. எனக்கு அதுவரை தோன்றாத வழி. இப்போது பெயர் எழுதும் அட்டைகளில் எல்லாம் அவர் முறைதான்.

குடியாத்தத்திலிருந்து:

நான் தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அட்டை செய்யத் தெரியாது, ஆனால் நீங்கள் செய்த அட்டைகள் போகிற வழியெல்லாம் எனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் என்றால் ஒரு காலத்தில் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. கடைவாசலில் கயிறு கட்டி வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள், சிவகாசியில் அச்சானவை, நடிகர் படம், மாடு, கரும்பு, பானை, அதன் மேல் கோந்து தடவித் தூவின ஜிகினா. பெரும்பாலோர் கவரை ஒட்டாமல் வாயை மடித்துச் செருகி புக் போஸ்ட்டில் போடுவார்கள், கட்டணம் குறைவு என்பதால். ஒட்டாத கவரிலிருந்து ஜிகினா எல்லாம் பைக்குள் கொட்டிவிடும். தரம் பிரித்து முடித்து வீட்டுக்குப் போனால் சட்டைக் காலர் வரைக்கும் மின்னும், என் மகள் அதைப் பார்த்துத்தான் பொங்கல் வந்துவிட்டது என்று சொல்வாள். அந்தத் தபால் இப்போது வருவதில்லை. போனில் ஒரு படம் தட்டிவிட்டால் முடிந்தது. எனக்கு அதில் வருத்தம் உண்டு, மறைக்க மாட்டேன்.

உங்கள் ஜன்னல் அட்டைக்கு நான் சொல்லக்கூடியது: தபால்தலை இருக்கும் வலது மேல் மூலையில் ஜன்னல் வரக்கூடாது. முத்திரை குத்துவது உலோகச் சுத்தியல் மாதிரியான ஒரு கருவியால், அவசரத்தில் ஓங்கிக் குத்துவோம், ஷீட் வெடித்துவிடும். ஜன்னலைக் கீழே இடது பக்கமாக வைத்து, அதன் மேல் ஒரு தடித்த அட்டைத் துண்டையும் வைத்துக் கவருக்குள் போடுங்கள். பெட்டியில் போடாமல் கவுண்டரில் நேராகக் கொடுத்து, கொஞ்சம் பார்த்துக் குத்துங்கள் என்று கேளுங்கள். ஒருமுறை ஒரு பள்ளிக்கூடப் பெண் அப்படிக் கேட்டு வந்தது, அட்டையை ஆட்டிக் காட்டியது, நானும் வரிசையில் நின்றவர்களும் அதை வாங்கி வாங்கி ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தோம். யாருமே 'நேரமாகுது' என்று சொல்லவில்லை.

ராணிப்பேட்டையிலிருந்து:

அக்கா, நான் ஷீட் வாங்குவதே இல்லை, பழைய எக்ஸ்ரே ஃபிலிம்தான். நம்ம பக்கம் பீரோவைத் திறந்தால் எந்த வீட்டிலும் நாலு இருக்கும். இருட்டறையில் கழுவின பழைய ஃபிலிமாக இருந்தால் பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்தால் மேலே உள்ள கறுப்புப் படலம் அப்படியே வழிந்து வந்துவிடும். படம், நோயாளி பெயர், தேதி எல்லாம் அந்தப் படலத்தில்தான் இருக்கிறது, அதுவும் போய்விடும். கையுறை போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். மிஞ்சுவது நல்ல தடிமனான பாலியஸ்டர், லேசான நீலம் ஓடும், வானம் மாதிரியே இருப்பதால் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தக் கறுப்பில் வெள்ளி இருக்கிறது, அதற்காகத்தான் பழைய சாமான் கடைக்காரர் இதைத் தனியாகக் கேட்டு வாங்குகிறார் என்பது அவரிடம் பேசியபோதுதான் தெரிந்தது.

எங்கள் தெருவில் வேப்பமரத்திலிருந்து விழுந்து கால் உடைந்த ஒரு பையனுக்கு அட்டை செய்யப் போனேன். அவன் அம்மா அவனுடைய எக்ஸ்ரேயையே எடுத்துக் கொடுத்தார், பழசு, இனி டாக்டருக்கு வேண்டாமாம். கழுவிவிட்டுத் தருகிறேன் என்றேன். "வேணாங்கா, எலும்பு தெரியணும்" என்றான். சரி என்று கழுவாமல் அப்படியே வெட்டினேன். கறுப்பு இடத்தில் ஊசியால் ஓட்டை குத்தினோம், அவனும் குத்தினான், எதெது நட்சத்திரம் எதெது கிரகம் என்று அவனே முடிவு செய்தான். ஓட்டை வழியாக உதிராமல் இருக்க அடியில் ஒரு தெளிவான ஷீட் வைத்து, அதற்கும் கீழே ஜிகினா. ஆட்டினால் ஓட்டையில் எல்லாம் மின்னும், நடுவில் அவன் எலும்பு ராக்கெட் மாதிரி நிற்கும். கட்டுப் பிரித்தபிறகும் ஸ்கூல் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறான்.

ஒரு கேள்வி: ஐரோப்பாவில் ஜிகினாவைத் தடை செய்துவிட்டார்கள் என்று படித்தேன். நாம் செய்வது சரியா அக்கா?

சத்துவாச்சாரியிலிருந்து:

எக்ஸ்ரே யோசனை அருமைப்பா. அந்த வெள்ளி கலந்த தண்ணீரை மட்டும் கால்வாயில் ஊற்றாதே. அதைவிட ஃபிலிமைக் கழுவாமல் அந்தக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு, கழுவின ஃபிலிம் அவரிடம் கிடைக்குமா என்று கேட்டுப் பார்.

தடை உண்மைதான். 2023 அக்டோபர் 17 முதல் ஐரோப்பிய யூனியனில் உதிரியாக விற்கும் பிளாஸ்டிக் ஜிகினாவுக்குத் தடை, நுண்பிளாஸ்டிக் என்பதால். நான் அதைச் சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஒருமுறை வெளியே போனால் அது எங்கேயும் மக்காது, பாலாற்றில் தண்ணீர் வருகிற வருஷம் எல்லாம் அடித்துக்கொண்டு போகும். அதனால் கையில் ஒட்டியதைக் குழாயடியில் கழுவாமல் டேப்பால் ஒற்றியெடுத்துக் குப்பையில் போடுகிறேன், மேஜைக்கும் அதேதான். கையில் இருக்கிற டப்பாக்கள் தீர்ந்ததும் பிளாஸ்டிக் ஜிகினா வாங்கப் போவதில்லை. அப்ரகப் பொடியை (மைக்கா) வைத்துச் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், மினுமினுப்பு குறைவுதான், ஆனால் கருநீலத்தில் நன்றாக எடுக்கிறது. ரொம்பப் பொடியாக இருந்தால் ஷீட்டில் பூசிக்கொண்டு ஜன்னலே மங்கிவிடுகிறது, கொஞ்சம் பெரிய செதிலாக இருந்தால்தான் ஓடுகிறது. அந்த அளவில் நம்ம பக்கம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். ஐயா, குடியாத்தத்தில் கோலப்பொடி, கலர்ப்பொடி விற்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்க முடியுமா?